ஆளில்லாத கரை என்று எழுதினேன்

விசாரணை நாளன்று என்னிடம் நான்கு கேள்விகள் கேட்டார்கள். முதல் மூன்றுக்கும் “ஆமாம்” என்றேன். நான்காவதற்கு “இல்லை” என்றேன். முதல் இரண்டு பதில்கள் உண்மை. மற்ற இரண்டும் பொய். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. முப்பத்தேழு வருடம் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தேன். அத்தனை வருடத்தில் நான் செய்த வேறு எதுவும் இன்னொருவர் பிழைப்பை அந்த ஐந்து நிமிடம் அளவுக்கு மாற்றவில்லை.

இப்போது கம்பெனிகளில் எழுத்து வேலைக்கென்றே பிள்ளைகளை எடுக்கிறார்கள். முதலாளியின் கதை, வெப்சைட்டுக்கு வரலாறு, வீடியோவுக்கு வசனம் எல்லாம் அவர்கள் எழுதுகிறார்கள். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் பக்கத்து நியாயம் எதுவும் இதில் இல்லை. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

1. டைம் ஆபீஸ் புலவர்

நான் விழிதியூர்க்காரன். அப்பாவுக்கு நெல் விவசாயம். காரைக்காலில் பி.காம். முடித்துவிட்டு, பட்டினச்சேரிக்குப் பக்கத்தில் கடற்கரையை ஒட்டியிருந்த பீங்கான் கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்தேன். கம்பெனி அப்போது ஆரம்பித்து இரண்டு வருடம். கப், சாசர், ஊறுகாய் ஜாடி செய்தார்கள். தரையில் ஒட்டும் டைலுக்கு மாறியது பிறகு.

வேலை பார்த்துக்கொண்டே தபாலில் எம்.ஏ. தமிழ் படித்தேன். அதிலிருந்து நோட்டீஸ் போர்டில் ஒட்டும் அறிவிப்பெல்லாம் என் கைக்கு வந்தது. “அனைவரும் தவறாது பாதுகாப்புக் காலணி அணிக” என்று எழுதுவேன். பீங்கான் சுடும் கில்ன் பக்கம் வேலை பார்த்தவர்கள் அதை ராகம் போட்டுப் படித்துவிட்டு, “புலவரே, அணிகிறோம், மொதல்ல செருப்பக் குடுங்க” என்பார்கள். எனக்குக் கோபம் வராது. புலவர் என்று கூப்பிடுவது உள்ளூரப் பிடித்திருந்தது. இந்தக் கதைக்கு அது முக்கியம்.

2. வெள்ளி விழா மலர்

கம்பெனிக்கு இருபத்தைந்து வருடம் ஆனபோது நான் நிர்வாகப் பிரிவில் மேனேஜர். பெரிய முதலாளியின் மகன் பொறுப்பை எடுத்திருந்தார். நாங்கள் சின்ன முதலாளி என்போம். கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“மலர் போடறோம் சார். புரொடக்‌ஷன் டேபிள், கிராஃப் எல்லாம் பின்னாடி போட்டுக்கலாம். முன்னாடி அப்பா கதை வரணும். படிக்கிறவன் கண்ணு கலங்கணும். உங்களால முடியும்.”

“முடியும் சார்” என்றேன்.

மாதிரி பார்ப்பதற்காக ஏழெட்டு நிறுவன வரலாறுகளை வாங்கிப் படித்தேன். மில், வங்கி, பஸ் கம்பெனி, மருந்துக் கம்பெனி. எல்லாமே ஒரே மாதிரி ஆரம்பித்தன. ஒரு காடு, அல்லது ஒரு பொட்டல், அல்லது ஒரு சதுப்பு. அங்கே யாரும் இல்லை. ஒருவர் கையில் ஒரு பையோடு வந்து நிற்கிறார். அரசர்களைப் புகழ்ந்த பழைய கல்வெட்டு வரிகளைப் பரீட்சைக்குப் படித்தவன் நான். இவையும் அந்த வகைதான் என்று எனக்குத் தெரிந்தது. ராஜா இடத்தில் இப்போது முதலாளி. தெரிந்திருந்தும் அந்த அச்சிலேயே என் புத்தகத்தையும் வார்க்க ஆசைப்பட்டேன்.

பெரிய முதலாளியும் வருடா வருடம் ஆண்டு விழாவில் அதையேதான் சொல்வார். “நான் வந்தப்ப இங்க ஒரு ஈ காக்கா இல்ல. மணலு மட்டுந்தான்.” அவர் பொய் பேசுகிறவர் இல்லை. இடம் பார்க்க வந்த அன்று அவர் கண்ணுக்கு யாரும் தென்படவில்லை.

இருந்தாலும் ஊரில் நாலு பேரிடம் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு காலையில் கரைப் பக்கம் நடந்தேன்.

3. களத்தில் கேட்டது

எங்கள் காம்பவுண்டு சுவருக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டு. பட்டினச்சேரிப் பெண்கள் பதினெட்டுப் பேர் அதில் கருவாடு காயப்போடுவார்கள். மீனைக் கீறி, உப்பில் ஊறவைத்து, பழைய வலையை விரித்து அதன்மேல் பரப்புவார்கள். மதியம் புரட்டிப் போட வேண்டும். காக்கை, நாயிடமிருந்து காக்க வேண்டும். ஒவ்வொருத்திக்கும் ஒரு வரிசை. அம்மாவிடமிருந்து மகளுக்கோ, மாமியாரிடமிருந்து மருமகளுக்கோ அது வரும். அடையாளத்துக்குக் கல்கூடக் கிடையாது. யார் இடம் எது என்று எல்லோருக்கும் தெரியும்.

வாளை மீன் புரட்டிக்கொண்டிருந்த தனபாக்கியத்திடம் பேச்சுக் கொடுத்தேன். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும்.

“எங்க மொதலாளி வந்தப்ப இந்த இடம் எப்படிம்மா இருந்துச்சு?”

“இப்ப இருக்குற மாதிரிதான் சாரு. நாங்கதான் இருந்தோம். வேற யாரு இருப்பா?”

“அவரு யாருமே இல்லன்னு சொல்றாரே?”

அவர் கையில் இருந்த மீனைக் கீழே வைத்தார்.

“அவரு வந்தது பதினாறு நாளுக்குள்ள சாரு. எங்க ஊரு போட்டு ஒண்ணு கடலுக்குப் போயி திரும்பல. நாலு பேரு. என் வூட்டுக்காரரும் அதுல ஒருத்தரு. எனக்கு அப்ப இருவது வயசு, இடுப்புல ஒரு புள்ள. கடல்ல ஆளு போனா பதினாறு நாளைக்கு எவளும் களத்துல மீனு போடமாட்டா. வலையக்கூட சுருட்டி எடுத்துருவோம். ஒரு செதிலு கெடக்காது, கூட்டி வுட்ருவோம். அந்த நேரத்துல வந்து நின்னா காலியாத்தான் இருக்கும். ஒங்க மொதலாளி வந்து, கார்ல போயிட்டாருன்னு சொன்னாங்க. பதினேழாம் நாளு நாங்க மீனு போட்டோம்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, இந்தக் களத்துலதான் ரெண்டு புள்ளைய வளத்தேன். ரெண்டாவது வயித்துல இருந்துச்சு.” சொல்லிவிட்டுப் பக்கத்து வரிசைக்காரியைப் பார்த்து, “ஏ, நாயி வருது பாரு, வாயப் பாத்துகிட்டு நிக்கிற” என்றார்.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன். எழுத எழுதச் சந்தோஷமாக இருந்தது. நல்ல விஷயம் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் அது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

4. முதல் வாக்கியம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுத உட்கார்ந்தேன். முதல் வாக்கியம் இப்படி வந்தது: “கடலும் மணலும் காற்றும் மட்டுமே குடியிருந்த ஆளில்லாத கரை அது.” இரண்டாவது வாக்கியத்தில் பெரிய முதலாளி வந்து நின்றார்.

எழுதிவிட்டு நானே இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தேன். பிறகு நோட்டைத் திறந்தேன். தனபாக்கியம் சொன்னதை எங்கே சேர்ப்பது என்று பார்த்தேன். சேர்த்தால் முதல் வாக்கியம் நிற்காது. இன்னொன்றும் மனதில் ஓடியது. இது விழா மலர். மங்கலமாகத் தொடங்க வேண்டியது. கல்யாணப் பத்திரிகையின் முதல் வரியில் யாராவது சாவை எழுதுவார்களா? நான்கு சாவோடு ஒரு வெள்ளி விழாவை எப்படி ஆரம்பிப்பது? இந்தக் காரணம் எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. பக்கத்தைப் புரட்டிவிட்டு மேலே எழுதினேன்.

தனபாக்கியம் சொன்னதை விட்டுவிடும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. சின்ன முதலாளிக்கு அப்படி ஒரு விஷயம் இருந்ததே தெரியாது. அவர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஃபர்ஸ்ட் லைன் ஒண்ணு போதும் சார்.”

விழாவில் ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்தோம். சால்வை போட்டு, கூடவே ஒரு டீ செட்டும் கொடுத்தோம்.

5. நான்கு கேள்விகள்

பதின்மூன்று வருடம் கழித்து டைலுக்குப் பளபளப்புக் கொடுக்கும் கிளேஸ் பூசும் ஷெட் ஒன்று புதிதாகக் கட்ட வேண்டி வந்தது. அந்த மணல் திட்டு அரசாங்கப் புறம்போக்கு. கம்பெனி அதைக் குத்தகைக்குக் கேட்டது. களத்தை ஒதுக்கிவிட்டு மீதியைக் கொடுங்கள் என்று பெண்கள் மனுப் போட்டார்கள். கம்பெனி வருவதற்கு முன்பிருந்தே தாங்கள் அங்கே இருப்பதைக் காட்டினால் களம் அவர்களுக்கு நிற்கும். வருவாய் அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள்.

பெண்களிடம் காகிதம் எதுவும் இல்லை. சாட்சி இருந்தது. காரைக்காலில் கருவாட்டு மண்டி வைத்திருந்த கனி மரைக்காயர் வந்து, “வாப்பா காலத்துலேர்ந்து நாங்க அந்தக் களத்துலதாங்க சரக்கு எடுக்குறோம். அல்லா பொதுவா சொல்றேன்” என்றார். வாய்ச் சொல்லுக்கு எதிராகக் கம்பெனி வக்கீல் என் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

எனக்கு முந்தின நாளே கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். “ஒரு ஃபார்மாலிட்டிதான் சார். ஆமான்னு சொல்லிட்டு வந்துருங்க.” ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்தது. அதற்குப் பிறகும் வைத்துக்கொள்வதாகப் பேச்சும் இருந்தது.

“இதை எழுதியது நீங்கள்தானா?” என்று வக்கீல் கேட்டார்.

“ஆமாம்.”

“இந்தப் பிரச்சினை வருவதற்குப் பல வருடம் முன்னாலேயே இது அச்சாகி, ஊர்க்காரர்களுக்கும் கொடுக்கப்பட்டதா?”

“ஆமாம்.”

“அந்த இடத்தில் அப்போது யாரும் இல்லை என்பதை ஊரில் விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் எழுதினீர்களா?”

தனபாக்கியம் எதிர்ச் சுவரை ஒட்டிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் பயம் இல்லை. நான் வந்திருப்பதைப் பார்த்து அவருக்கு நிம்மதி. விஷயம் தெரிந்த ஒரு படித்த மனிதர் வந்துவிட்டார் என்ற நிம்மதி.

“ஆமாம்” என்றேன்.

அவர் எழுந்துவிட்டார். “சாரு, என்கிட்டதான விசாரிச்சீங்க? நான் என்னா சொன்னேன்? அதச் சொல்லுங்களேன்.”

அதிகாரி அவரை மரியாதையாகவே உட்காரச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். “அந்தம்மா கேட்பதைப் பற்றி நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?”

அந்த வாசலை அவர் எனக்காகவே திறந்து வைத்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

“இல்லை” என்றேன்.

வேலை நீட்டிப்புக்காகச் சொன்னேன் என்று எழுதினால் படிப்பவர்களுக்குப் புரியும். முழு உண்மை அது இல்லை. களம் இருந்தது என்று சொன்னால் என் புத்தகத்தின் முதல் வாக்கியம் பொய் என்று ஆகிவிடும். எல்லோர் முன்னிலையிலும் அது பொய்யாவதை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வாக்கியத்தைக் காப்பாற்றினேன்.

வெளியே வந்தபோது மரைக்காயர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

“ஒங்க புஸ்தகத்தப் படிச்சிருக்கேங்க” என்றார். “நல்லா எழுதியிருக்கீங்க. நல்லா எழுதாம இருந்தா இவ்வளவு கெடுதல் வந்திருக்காது.”

சலாம் சொல்லாமல் போனார்.

6. பிறகு

களம் போயிற்று. கிளேஸ் ஷெட் வந்தது. பெண்கள் தார்ச்சாலை ஓரத்தில் மீன் பரப்பினார்கள். வண்டிப் புழுதியும் டீசல் வாடையும் ஏறிய கருவாட்டை மண்டியில் கழித்துக் கட்டினார்கள். இரண்டு மூன்று வருடத்தில் ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். தனபாக்கியம் அடுத்தவர் மீனைத் தரம் பிரிக்கும் கூலி வேலைக்குப் போனார். அவர் மருமகள் எங்கள் டிஸ்பாட்ச் ஷெட்டிலேயே பெருக்கும் வேலையில் இருந்தாள். கேட்டில் என்னைப் பார்த்தால் துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு வணக்கம் சொல்வாள். அவளுக்கு என்னைத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். வேலை நீட்டிப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதைக்கூடப் பெரிய தியாகம் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் அலமாரியைக் காலி செய்தபோது பழைய நோட்டுகள் காயலான் கடைக்குப் போயின. நான் தடுக்கவில்லை.

பிறகு தருமபுரத்தில் வீட்டோடு இருந்தேன். உறுத்தல் உடனே வந்துவிடவில்லை. வருடங்கள் ஆயின.

போன வருடம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். எச்.ஆர். பிரிவாம். நல்ல குரல்.

“சார், கோல்டன் ஜூபிளி வருது. உங்க ஃபர்ஸ்ட் சாப்டரை அப்படியே எடுத்துக்கறோம். வீடியோவும் அந்த லைன்லதான் ஸ்டார்ட் ஆகுது. எல்லாருக்கும் அந்த லைன் அவ்ளோ புடிச்சிருக்கு சார்.”

“அது தப்பும்மா” என்றேன். நடந்ததைச் சொன்னேன். பதினாறு நாளைச் சொன்னேன். விசாரணையைச் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

“மேல கேட்டுட்டுச் சொல்றேன் சார்.”

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாள். “சார், உங்களுக்குச் சங்கடம் வேணாம்னு உங்க பேரை எடுத்துடச் சொல்லிட்டாங்க.”

“அந்த வாக்கியம்?”

“அது இருக்கும் சார்.” பிறகு “சாரி சார்” என்றாள்.

நிறுவனத்துக்கு எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எழுதும்போது வாக்கியம் நம்முடையது. அச்சான பிறகு அவர்களுடையது. பொய் என்று நாமே போய்ச் சொன்னாலும் அதற்கு இனி நாம் தேவையில்லை.

7. திரும்பக் கேட்டது

மறுநாள் பட்டினச்சேரிக்குப் போனேன். தனபாக்கியம் வீட்டு வாசலில் பாயில் உட்கார்ந்து நெத்திலி பொறுக்கிக்கொண்டிருந்தார். கூட இன்னும் மூன்று பெண்கள். நிமிர்ந்து பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை.

“நான் அன்னிக்குப் பொய் சொன்னேம்மா” என்றேன்.

“அது தெரிஞ்சதுதான.”

“அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு ரெவின்யூ ஆபீஸ்ல குடுக்கப் போறேன். களத்துல யார் யார் இருந்தீங்க, அந்தப் பதினாறு நாள் என்னன்னு திரும்பச் சொல்லணும்.”

“அன்னிக்கே எழுதிக்கிட்டீங்களே. அந்த நோட்டு எங்க?”

“தூக்கிப் போட்டுட்டாங்க.”

“போட்டுட்டாங்களா, போட்டுட்டீங்களா?”

“போட விட்டுட்டேன்.”

மூவரில் வயதான ஒருத்தி, அமிர்தம் என்று பெயர், உரக்கச் சிரித்தாள். “வாழ்க்கையெல்லாம் எழுதுன மனுசன், இப்ப வந்து கெழவிககிட்ட பாடம் கேக்குறாரு, பாருங்கடி.”

“எழுதிக் குடுத்தா?” என்றார் தனபாக்கியம். “ஷெட்ட இடிச்சிருவாங்களா?”

“மாட்டாங்க.”

“அப்ப யாருக்காக எழுதுறீங்க? ஒங்களுக்கா, எங்களுக்கா?”

“தெரியலம்மா” என்றேன். அந்தப் பதில்தான் அவரை இளக்கியது என்று நினைக்கிறேன். நெத்திலித் தட்டை நகர்த்தி வைத்தார்.

“ஒக்காருங்க. எம்பேரோட நிறுத்திராதீங்க. பதினெட்டு வரிசை. தெக்கேருந்து சொல்றேன்.”

சொன்னார். மற்றவர்கள் திருத்தினார்கள். “அஞ்சாவது செல்லாயி இல்லடி, அவ மாமியா.” “அவ எறந்துட்டாளே.” “எறந்தா வரிசை இல்லன்னு ஆயிருமா?” பதினெட்டில் பதினொருவர் இப்போது இல்லை. அத்தனை பெயரையும் எழுதினேன். பிறகு போட்டில் போன நான்கு பேரைக் கேட்டேன். மூன்று பெயரைத் தனபாக்கியமே சொன்னார். நான்காவதில் நிறுத்திவிட்டார். அவர் தலைமுறைப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. அமிர்தம் அவருக்காகச் சொல்ல வாயெடுத்தாள்.

தனபாக்கியம் கையைக் காட்டி அவளைத் தடுத்தார்.

“நீ சொன்னா சாரு வேற மாதிரி எழுதிருவாரு. நானே சொல்றேன்.” என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். “கலியபெருமாள். எழுதுங்க. எழுதிட்டுப் படிச்சுக் காட்டுங்க.”

எழுதினேன். படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

மனுவை வருவாய் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். முடிந்துபோன விஷயம், உத்தரவு மாறாது என்று அங்கே தெளிவாகவே சொன்னார்கள். கோப்பில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லி, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். முத்திரை வைத்த நகலைத் தனபாக்கியத்திடம் கொடுத்தேன். வாங்கி மருமகளிடம் தந்து, பத்திரமாக வைக்கச் சொன்னார். என்னிடம் நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு அவமானமாக இருந்திருக்கும்.

எழுத்து வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் முதலாளியின் கதையும் ஒரு காலியான இடத்தில்தான் தொடங்கும். அது ஏன் காலியாக இருந்தது என்று அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள். கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். நான் கேட்டேன். அவர் சொன்னார். நான் எழுதவில்லை.